பதினொரு நொடி

இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
தூண் என்று வரும்.
இங்குள்ளவர்களுக்கு ரயில் நிலையப் பலகையில் ஒரு சொல்.
எனக்கு,
பாலைவனத்தில் இரவெல்லாம் முன்னே நடந்த நெருப்பு.
ஏரிக்கு அக்கரையில் நீசன் என்றொரு மலை,
எகிப்திலிருந்து தூக்கிவந்து வைத்ததுபோல் முக்கோணம்.
பெயரைக் கேட்டு ஜசிந்தா சிரிப்பாள்:
"இவ்வளவு உயரத்துக்கு இந்தப் பேரோ?"

பெரிய சனி.
அவள் கோயிலுக்குப் போனாள்,
காகிதத் தட்டில் கோத்த மெழுகுதிரியோடு.
நான் மருத்துவமனைக்கு,
இடுப்பில் சாவிக்கொத்தும் மின்சோதனைப் பேனாவுமாக.
ஆண்டவர் கல்லறையில் கிடக்கும் இரவுக்கு
வேறு ஆள் கிடைக்கவில்லை என்றார் உர்ஸ்.
அப்படிச் சொல்லவில்லை அவர். நீண்ட விடுமுறை என்றார்.

இரண்டாம் மாடி, பிரசவப் பிரிவு.
நீல விளக்கொன்று மினுக்குகிறதென்று அழைத்திருந்தார்கள்.
அதன் கீழே மூன்று நாள் வயதான ஒருத்தி.
மஞ்சள் பூத்த உடம்பு,
கண்ணுக்குத் துணிக்கட்டு.
ஒளியை அவள் பார்க்கவே கூடாதாம்.
தோல் குடித்தால் போதும் என்றாள் தாதி ரெகுலா.
திருகாணியை முடுக்கியபடி யோசித்தேன்.
நாற்பத்தாறு வருடமாய்
கண்ணை நம்பித்தானே செபித்தேன்.
காணவில்லை, காணவில்லை என்று
விடியுமட்டும் புலம்பியதெல்லாம்
இந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லித்தானா?

அப்போது மலையிறங்கிற்று வெப்பக்காற்று.
ஃபோன் என்பார்கள் அதை,
மணியடிக்காமல் வரும்.
எங்கோ ஒரு கம்பியை அறுத்தது.
ஒன்பது பதினான்கு.
கோட்டை போயிற்று, பாலம் போயிற்று,
ஆறு சத்தமாக மட்டும் மிஞ்சிற்று.
நீல விளக்கும் போயிற்று.

நிலவறையில் டீசல் இயந்திரம் விழித்தெழ
பதினைந்து நொடி வரை விதி பொறுத்துக்கொள்ளும்.
எண்ணினேன், வேறென்ன செய்ய.
ஒன்று. இரண்டு.
நாலில் ரெகுலாவின் செருப்பு தரையில் உரசியது.
ஐந்தில் அடுத்த அறையில் ஒரு தாய்
எந்த மொழியென்று தெரியாமல் யாரையோ கூப்பிட்டாள்.
ஏழில் கேட்டது
மூச்சு.
நனைந்த குருவி சிறகு உதறுவதுபோல் அத்தனை சிறிது.
உள்ளே, வெளியே.
அவளுக்கு எதுவும் அணையவில்லை.
துணிக்கட்டுக்குள் எப்போதும் இருந்த அதே இருள்.
அதற்குள் உயிர் தன் பாட்டில்
வேலை செய்துகொண்டிருந்தது,
முதல் நாளுக்கும் முந்திய தண்ணீரின்மேல்
ஏதோ அசைந்ததென்று சொல்வார்களே,
அதைப்போல, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல்.
வெளிச்சம் பிறகு வந்ததுதான் போலும்.
வந்து, ஏற்கெனவே இருந்ததைக் காட்டியது.

பதினொன்றில் தரை நடுங்கிற்று.
இயந்திரம் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
நீலம் திரும்பியபோது
என் விரல் அவள் கைக்குள் இருந்தது.
எத்தனையாம் நொடியில் நீட்டினேனோ.
கையுறை இல்லை.
ரெகுலா பார்த்தாள். திட்டவில்லை.

நள்ளிரவில் ஜசிந்தா அழைத்தாள்.
"லைற் போனதோ? எப்ப?"
அவர்களோ தாங்களே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு
இருட்டில் நின்றிருக்கிறார்கள்.
ஒரு திரியிலிருந்து இன்னொன்று.
பல் வைத்தியர் ஒருவரிடம் இவள் வாங்கி,
பின்வரிசையில் நின்ற போர்த்துக்கீசப் பையனுக்குக் கொடுத்தாளாம்.
அவன் திரி இரண்டு தரம் அணைந்ததாம்.
வெளியே ஊரே அணைந்தது
அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.
"குளோரியாவுக்கு ஓர்கன் மட்டும் வாசிக்கேல்லை.
சனமே பாடினது.
இந்த வருசம் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன்."
பிறகு, சட்டையில் மெழுகு சிந்தினால்
எதைப் போட்டுத் துவைப்பதென்று கேட்டாள்.

விடியற்காலம் பதிவேட்டைத் திறந்தேன்.
தடை: 21.14.
மாற்று மின்சாரம்: பதினொரு நொடியில்.
பாதிப்பு:
பேனா அங்கே நின்றது.
ஜன்னலில் நீசனின் நுனி வெளுத்துக்கொண்டிருந்தது.
இல்லை, என்று எழுதினேன்.
அடித்தேன்.
திரும்பவும் அதையே எழுதினேன்.
செவ்வாய்க்கிழமை உர்ஸ் வந்து கையெழுத்திடுவார்.